ஹேட்ரியன் சுவர்க் கோட்டைகளும் அவற்றை ஒட்டி முளைத்த ஊர்களும்

பிரித்தானியாவின் வடக்கு எல்லையில் ரோமானியர் எழுப்பிய கோட்டைகள் படைவீரர்கள் மட்டும் தங்கிய முகாம்களா, அல்லது அவற்றைச் சுற்றிக் குடிமக்கள் வாழ்ந்த ஊர்களும் இருந்தனவா, இருந்தன என்றால் அவற்றுள் பல ஏன் புல்வெளியாகக் கிடக்கின்றன என்பது கேள்வி. ஓரளவு நீண்ட காலம் படை தங்கியிருந்த கோட்டை எதுவானாலும் அதன் வாசலில் ஓர் ஊர் முளைத்தது. சில இடங்களில் அந்த ஊரின் பரப்பு கோட்டையின் பரப்பையே விஞ்சியது. அவ்வூர்களின் பிழைப்பு பெரும்பாலும் வீரர்களின் சம்பளத்தைச் சார்ந்திருந்தது. சம்பளப் பணம் வற்றியதும், வேறு பிழைப்புக்கு வழியில்லாத ஊர்கள் வற்றின. பெரிய சாலையோ ஆற்றுத்துறையோ ஆட்சி அலுவலோ வாய்த்த சில மட்டும் நகரங்களாயின. இதை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கி.பி. 43 இல் பேரரசர் கிளாடியஸ் அனுப்பிய படை பிரித்தானியாவில் இறங்கியது. கைப்பற்றிய நிலத்தில் முதலில் கோட்டை கட்டுவதும், போர்முனை முன்னே நகர்ந்ததும் அந்தக் கோட்டையைக் காலி செய்வதும் அப்படையின் வழக்கம். காலியான இடம் வீணாகவில்லை. இன்றைய கோல்செஸ்டரில் இருந்த லீஜியன் கோட்டை (லீஜியன் என்பது ரோமானியக் குடிமக்களைக் கொண்ட பெரும் படைப்பிரிவு) கி.பி. 49 இல் ஓய்வுபெற்ற வீரர்களுக்கான குடியேற்ற நகரமாக்கப்பட்டது. லிங்கன், குளோஸ்டர் ஆகியவையும் அவ்வாறே நகரங்களாயின. ரோக்ஸிட்டரில் படை வெளியேறிய பிறகு, கோட்டையின் தெருக்களின் மேலேயே அப்பகுதிப் பழங்குடியின் தலைநகரம் எழுந்தது. தெற்கில் இது எளிதாக நடந்ததற்குக் காரணம், படை சென்றுவிட்டது என்பதே. சாலையும் வடிகாலும் சந்தையும் பின்தங்கின. குடிமக்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

வடக்கில் கதை வேறு. அங்கே போர்முனை நகர்வது ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஆகவே படையும் நின்றுவிட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒரே நிலப்பரப்பில் பல்லாயிரம் வீரர்கள் நிலையாகத் தங்கினார்கள். ஊர்கள் அவர்களுடைய நிழலில் வளர்ந்தன. நிழலை விட்டு வெளியே வர அவற்றுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எல்லை மாகாணத்தின் குடியிருப்புகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடுதான் திறவுகோல் என்று கருதுகிறேன்.

இப்படி ஓரிடத்தில் நிற்பதென்று ரோமானியர் முன்கூட்டியே திட்டமிடவில்லை. ஆளுநர் அக்ரிகோலா கி.பி. 80-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் உட்பகுதிவரை சென்று போரிட்டார். அவருடைய காலத்தையொட்டி டே ஆற்றங்கரையில் இஞ்ச்டூதில் என்னுமிடத்தில் முழு லீஜியனுக்கான பெருங்கோட்டை ஒன்று எழத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள், வேலை முடியுமுன்பே, அதைக் கைவிடும்படி உத்தரவு வந்தது. டான்யூப் எல்லையில் ஆள் தேவைப்பட்டதே காரணம். கோட்டையைப் பிரித்துச் சென்றவர்கள், எடுத்துச் செல்ல முடியாத இரும்பு ஆணிகளை எதிரி கையில் ஆயுத உலோகமாகச் சிக்கிவிடாதபடி குழியில் கொட்டி மூடினார்கள். 1960 இல் அகழ்ந்தபோது ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ஆணிகள் வெளிவந்தன. மேலே இருந்தவை துருப்பிடித்து ஒரு மூடியைப் போல் இறுகிவிட்டதால், அடியில் கிடந்தவை நல்ல நிலையிலேயே இருந்தன.

அதன்பின் எல்லை படிப்படியாகத் தெற்கே இறங்கி, மேற்கில் கார்லைலுக்கும் கிழக்கில் கோர்பிரிட்ஜுக்கும் இடையே ஓடிய ஒரு சாலையில் வந்து நின்றது. ஸ்டேன்கேட் என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற அந்தச் சாலையில் ஏறத்தாழ ஒரு நாள் நடைத்தொலைவுக்கு ஒன்றாகக் கோட்டைகள் இருந்தன. கார்லைல் கோட்டையின் மரங்களில் உள்ள ஆண்டு வளையங்களைக் கொண்டு, அது கி.பி. 72-73 இல் கட்டப்பட்டது என்று துல்லியமாகக் கணித்திருக்கிறார்கள். அதே சாலையில் உள்ள விண்டோலாண்டா ஏறத்தாழ கி.பி. 85 இல் தொடங்கியது. இவ்விரண்டும் ஹேட்ரியன் சுவரைவிட மூத்தவை. சுவர் வந்த பிறகுதான் கோட்டைகள் வந்தன என்ற பரவலான எண்ணம் சரியன்று.

கி.பி. 122 இல் பேரரசர் ஹேட்ரியன் நேரில் வந்தார். கிழக்கே டைன் ஆற்றங்கரையின் வால்ஸெண்டிலிருந்து மேற்கே சோல்வே கழிமுகத்தின் போனஸ்வரை 80 ரோமானிய மைல், இன்றைய கணக்கில் சுமார் 117 கிலோமீட்டர், சுவர் எழுப்பப்பட்டது. கட்டியவர்கள் மூன்று லீஜியன்களின் வீரர்கள், காவலிருந்தவர்கள் பேரரசின் பல மாகாணங்களில் திரட்டிய துணைப்படையினர். கிழக்குப் பகுதி கல்லாலும், இர்திங் ஆற்றுக்கு மேற்கே உள்ள பகுதி முதலில் புல்மண் கட்டிகளாலும் ஆனது. மைலுக்கு ஒரு சிறு காவல் அரண், இரண்டு அரண்களுக்கு இடையே இரண்டு காவல் கோபுரங்கள் என்பது திட்டம். நிலம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த இடைவெளியைப் பெரும்பாலும் மாற்றாமல் கட்டினார்கள். அதனால் செங்குத்தான பாறைச் சரிவை நோக்கித் திறக்கும், யாரும் பயன்படுத்த முடியாத வாசல்கூட அமைந்தது. காகிதத்தில் வரைந்த திட்டம் களத்தில் வந்து இடிபடுவது அன்றைக்கும் உண்டு.

இன்னும் பெரிய இடிபாடு கோட்டைகள் விஷயத்தில் நிகழ்ந்தது. முதல் திட்டத்தில் சுவரின்மேல் கோட்டையே கிடையாது. பெரும்படை பின்னால் ஸ்டேன்கேட் சாலையில் இருக்க வேண்டும், சுவரில் காவலர்கள் மட்டும் நிற்க வேண்டும். கட்டுமானம் பாதியில் இருக்கும்போதே கோட்டைகளைச் சுவரின்மேலேயே கொண்டுவந்து வைக்க முடிவு செய்தார்கள். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குள் போனால் இதை இன்றும் கண்ணால் பார்க்கலாம்: ஏற்கெனவே கட்டியிருந்த காவல் கோபுரம் ஒன்றின் அடித்தளம், கோட்டையின் வடக்கு மதிலுக்கு உட்புறத்தில், தரைமட்டமாகத் தெரிகிறது. செஸ்டர்ஸ் குதிரைப்படைக் கோட்டையிலும் அப்படியே. அங்கே ஒரு கோபுரத்தை இடித்ததோடு நில்லாமல், சுவருக்கு முன் வெட்டிய அகழியையும் தூர்த்துவிட்டு, மூன்று பெரிய வாசல்கள் சுவருக்கு வடக்கே திறக்கும்படி கோட்டையைக் குறுக்காகக் கிடத்தினார்கள். குதிரைகள் விரைந்து வெளியேற வேண்டும் என்பது நோக்கம். ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய சுவர் என்றால் எதிரியின் பக்கம் மூன்று வாசல் வைக்க யாரும் துணியமாட்டார்கள்.

அடுத்த பேரரசர் அன்டோனினஸ் பயஸ், ஏறத்தாழ கி.பி. 142 முதல், வடக்கே ஃபோர்த், கிளைட் கழிமுகங்களுக்கு இடையே சுமார் 60 கிலோமீட்டர் நீளத்தில் புல்மண் சுவர் ஒன்றை எழுப்பினார். 160-களில் அது கைவிடப்பட்டு, படை மீண்டும் ஹேட்ரியன் சுவருக்கே திரும்பியது. அன்டோனினஸின் சுவரில் உள்ள பியர்ஸ்டன் கோட்டையின் கழிவு விழுந்த அகழி மண்ணை ஆராய்ந்ததில், வீரர்கள் பெரும்பாலும் கோதுமையும் பிற தாவர உணவுமே உண்டது தெரியவந்தது. அத்திப்பழம், கொத்துமல்லி, கசகசா ஆகியவற்றின் விதைகளும் கிடைத்தன. ஊர்கள் வேரூன்றும் அளவுக்கு அந்த எல்லை நிலைக்காததால் அதை இத்துடன் விட்டுவிடலாம்.

துணைப்படைக் கோட்டைகளின் அமைப்பு மேலோட்டமாக எங்கும் ஒன்றுதான்: சீட்டுக்கட்டின் சீட்டைப் போல மூலை வளைந்த நீள்சதுரம், நான்கு பக்கமும் வாசல், நடுவில் தலைமையகம், அதன் பக்கத்தில் தளபதியின் வீடு, தானியக் களஞ்சியங்கள், மீதியில் வரிசை வரிசையாக வீரர் குடியிருப்புகள். தலைமையகத்தின் பின்புறத்தில் கொடிகளை வைக்கும் அறையும், சம்பளப் பணத்துக்கான பெட்டகமும் இருக்கும். எட்டுப் பேருக்கு இரண்டு சிறு அறைகள், முன்னறை தட்டுமுட்டுக்கு, பின்னறை படுக்கைக்கு. நூற்றுவர் தலைவருக்கு மட்டும் வரிசையின் கோடியில் பெரிய மனை. தளபதிக்கோ முற்றத்தைச் சுற்றிய மத்தியதரைக்கடல் பாணி வீடு, ஆண்டில் பாதி நாள் தூறும் வானத்தின் கீழே.

ஹவுஸ்டெட்ஸ் பாறை முகட்டில் நிற்கிறது. பரப்பு ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர். 3ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்தது இன்றைய பெல்ஜியத்தின் டோங்கரன் வட்டாரத்திலிருந்து வந்த துங்கிரியர்களின் முதலாம் பிரிவு, பெயரளவில் ஆயிரவர், உண்மையில் சுமார் 800 பேர். களஞ்சியங்களின் தரை சிறு கல்தூண்களின்மேல் உயர்த்தப்பட்டிருக்கிறது. சுவரின் அடியில் காற்றுப் புகத் துவாரங்கள் உண்டு. ஈரமும் எலியும் தானியத்தை அண்டாமலிருக்க இந்த ஏற்பாடு. கோட்டைக்குள் ஆறோ ஊற்றோ கிடையாது. கூரைகளில் விழும் மழைநீரைக் கல்தொட்டிகளில் பிடித்தார்கள். நிலம் தென்கிழக்கு மூலையை நோக்கிச் சரிவதால் பொதுக் கழிப்பிடம் அந்த மூலையில் அமைந்தது. மூன்று பக்கமும் ஆழமான சாக்கடை, அதன்மேல் மரப்பலகை இருக்கைகள், காலடியில் ஓடிய சிறு கால்வாயில் கழுவிக்கொள்ளத் தண்ணீர். மேட்டிலிருந்து வடிந்த மழைநீர் முழுவதும் கடைசியில் இந்தச் சாக்கடை வழியாகப் பாய்ந்து அதை அலசியது. தண்ணீரின் ஒவ்வொரு துளிக்கும் இரண்டு வேலை வைத்த பொறியாளரை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கட்டடத்தைப் பார்த்தால் எண்ணூறு பேர் எந்நேரமும் உள்ளே அடைந்து கிடந்ததாகத் தோன்றும். விண்டோலாண்டாவில் கிடைத்த எழுத்துப் பலகைகள் அந்தத் தோற்றத்தைக் கலைத்துவிட்டன. 1973 முதல் அங்கே கிடைத்துவரும் இவை அஞ்சலட்டை அளவில் செதுக்கிய மெல்லிய மரச் சீவல்கள். கரி மையால் எழுதியவை. பழைய மரக் கோட்டையை இடித்து, அதன்மேல் களிமண்ணையும் புல்மண்ணையும் பரப்பிப் புதியதைக் கட்டியதால், அடியில் காற்றுப் புகாத ஈரச்சேறு உண்டாகி மரமும் தோலும் துணியும் அழுகாமல் தப்பின. இவற்றுள் ஒன்று, கி.பி. 90-களைச் சேர்ந்த படைக்கணக்கு. நாள் மே 18. முதலாம் துங்கிரியப் பிரிவில் மொத்தம் 752 பேர். அவர்களுள் 456 பேர் வெளியே. 337 பேர் கோரியாவில், அதாவது கோர்பிரிட்ஜில். 46 பேர் ஆளுநரின் காவல் பணியில். ஒரு நூற்றுவர் தலைவர் லண்டனில். கோட்டையில் மீந்த 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்நோய். பணிக்குத் தகுதியாக எஞ்சியவர்கள் 265 பேர். ஆறு நூற்றுவர் தலைவர்களில் ஒருவர் மட்டுமே இருப்பில். எல்லைக் கோட்டை என்பது ஆட்களைப் பல திசைக்கும் பிரித்தனுப்பிக்கொண்டிருந்த தலைமை நிலையம் என்பதை இந்த ஒரு பலகை காட்டிவிடுகிறது. அப்படிப் போய்வந்த ஆட்கள் வழியாகவே செய்தியும் சரக்கும் பழக்கவழக்கமும் சாலை நெடுகப் பரவின.

வயிற்றுப்பாட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. அக்ரிகோலாவின் கோட்டைகளில் ஓராண்டுக்கான உணவு இருப்பு வைக்கப்பட்டதாக அவருடைய மருமகனும் வரலாற்றாசிரியருமான டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த இருப்பு எப்படிச் சேர்ந்தது என்பதை ஒக்டாவியஸ் என்பவர் கேண்டிடஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. சுமார் 5,000 மோடியஸ் அளவு தானியக் கதிர் வாங்கியிருக்கிறேன், குறைந்தது 500 டெனாரியஸ் வெள்ளிக்காசு உடனே அனுப்பாவிட்டால் முன்பணம் போய்விடும், மானமும் போய்விடும் என்கிறார். கேட்டெரிக்கில் தோல்கள் கிடக்கின்றன, சாலை மோசமாக இருப்பதால் வண்டிமாடுகளை வாட்டக் கூடாதென்றுதான் இன்னும் எடுத்துவரவில்லை என்றும் சேர்க்கிறார். இவர் வீரரா, தனி வணிகரா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வாதிட இடமிருப்பதே முக்கியம் என்பேன். படைக்கும் வணிகத்துக்கும் இடையே கோடு கிழிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தன. இன்னொரு கடிதத்தில் மாஸ்க்ளஸ் என்ற சிறு அதிகாரி, கூடவந்த வீரர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று தளபதியிடம் கேட்கிறார்.

வீரர்களின் கடன் பட்டியல் ஒன்றில் டாப்போ மகன் கேம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு எதிரே மிளகு, 2 டெனாரியஸ் என்று இருக்கிறது. அக்காலத்து மிளகு வந்தது சேரநாட்டு மலைச்சரிவிலிருந்து. முசிறித் துறையில் யவனர் மரக்கலங்கள் ஏற்றிச் சென்ற சரக்கு அது. செங்கடல், அலெக்சாந்திரியா, ரோமாபுரி, ரைன் ஆறு என்று பல கை மாறி, பேரரசின் வடகோடியில், அதிகாரியல்லாத ஒரு சாதாரண வீரன் கடனுக்கு வாங்கும் பொருளாக அது நிற்கிறது. பெருங்கொடுக்கல் வாங்கலைப் பற்றிய பொதுவான பேச்சைவிட இந்த ஒற்றை வரி எனக்கு அதிகம் சொல்கிறது.

மொத்தச் சரக்கு கடல் வழியே வந்தது. டைன் முகத்துவாரத்தில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் கோட்டை, கி.பி. 208 இல் செப்டிமியஸ் செவரஸ் ஸ்காட்லாந்துப் படையெடுப்புக்கு வந்தபோது, முழுவதும் கிடங்காக மாற்றப்பட்டது. வீரர் குடியிருப்புகளை இடித்துவிட்டு இருபதுக்கும் மேற்பட்ட களஞ்சியங்களைக் கட்டினார்கள்.

இவ்வளவு பணமும் சரக்கும் புழங்கும் இடத்தில் வாசலுக்கு வெளியே கடைகள் முளைப்பதற்கு அரசாணை தேவையில்லை. கோட்டை வாசலிலிருந்து கிளம்பும் சாலையின் இருபுறமும் குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட வீடுகள் நெருங்கி நின்றன. சாலையோர முகப்புக்குக் கிராக்கி அதிகம் என்பதால் இந்த வடிவம். முன்பக்கம் கடை, உணவகம் அல்லது பட்டறை. பின்பக்கம் அல்லது மாடியில் குடும்பம். ஹவுஸ்டெட்ஸின் தெற்கு வாசல் வீடுகளில் சிலவற்றின் வாயிற்படிக் கற்களில், கடைப்பலகைகளை நிறுத்திச் சொருகும் நீண்ட பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. தீ பரவும் அச்சத்தால் குளியல் மனையும் பெரும்பாலும் கோட்டைக்கு வெளியே, இந்த ஊரின் பக்கத்திலேயே இருந்தது; வீரர்கள் மட்டுமின்றி ஊராரும் அங்கே போனதற்கு, கிடைத்த சில பொருள்கள் சான்று.

இத்தகைய ஊரை லத்தீனில் விக்கஸ் என்பார்கள். அது கோட்டையின் தொங்குதசை அன்று. தனக்கென்று ஒருவகைப் பொது அமைப்பு கொண்டிருந்தது. விண்டோலாண்டாவில் நெருப்புக் கடவுள் வல்கனுக்கு எடுத்த பலிபீடம் ஒன்று, விண்டோலாண்டா ஊரார் சார்பில் வைக்கப்பட்டதாகத் தன் கல்வெட்டிலேயே கூறுகிறது. கொல்லர்கள் மிகுந்த ஊர் வல்கனைத் தேர்ந்தது பொருத்தமே. ஆனாலும் எல்லாம் ஒழுங்காக நடந்த ஊர் என்று எண்ண வேண்டாம். ஹவுஸ்டெட்ஸ் ஊரின் ஒரு வீட்டில், பின்னறைக் களிமண் தரைக்கு அடியில், 1930-களில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றின் விலாவில் கத்திமுனை முறிந்து நின்றது. குடியிருப்புக்குள் பெரியவர்களைப் புதைப்பதை ரோமானியச் சட்டம் தடைசெய்திருந்தது. ஆகவே கொன்றவர்கள் தரையைப் பெயர்த்து, புதைத்து, மீண்டும் மெழுகியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. படை நடுவே வாழ்ந்தும் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடிபடாமல் தப்பிவிட்டார்கள்.

குடும்பங்களைப் பற்றிப் பழைய நூல்கள் சொன்னது இன்று மாறிவிட்டது. பணியில் இருக்கும் வீரர் சட்டப்படி மணம் செய்ய முடியாது என்ற விதி ஏறத்தாழ கி.பி. 197 இல் செவரஸ் தளர்த்தும்வரை இருந்தது. ஆகையால் பெண்களும் குழந்தைகளும் மதிலுக்கு வெளியேதான் இருந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். விண்டோலாண்டாவின் ஈரச்சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான தோல் காலணிகள் வந்தபோது, பெண்களின் காலணிகளும் குழந்தைகளின் காலணிகளும் கோட்டைக்குள்ளேயே, விதி நடைமுறையில் இருந்த காலத்து அடுக்குகளிலேயே கிடைத்தன. தளபதிகள் வெளிப்படையாகவே குடும்பத்துடன் வந்தார்கள். ஏறத்தாழ கி.பி. 100 இல், வேறொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவெரா, விண்டோலாண்டாவின் பட்டாவியப் படைத்தளபதி செரியாலிஸின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதினார்: செப்டம்பர் 11 அன்று நீ வந்தால் எனக்கு அந்த நாள் இன்னும் இனிக்கும், சகோதரி. கடிதத்தை எழுத்தர் எழுத, இறுதி வாழ்த்தைச் செவெரா தம் கையாலேயே, சற்றுத் தடுமாறும் எழுத்தில் சேர்த்திருக்கிறார். லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக எஞ்சியிருப்பவற்றுள் இது மிகப் பழையவற்றில் ஒன்று.

சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த ரெஜினாவின் கல்லறைக்கல் இன்னொரு வகைக் குடும்பத்தைக் காட்டுகிறது. தெற்கு பிரித்தானியாவின் கட்டுவெல்லோனியர் குலத்தில் பிறந்த இந்தப் பெண் அடிமையாகி, பின் விடுதலை பெற்று, தன்னை விடுவித்த பாரத்தேஸையே மணந்தவர். முப்பது வயதில் இறந்தார். பாரத்தேஸோ சிரியாவின் பால்மைராவிலிருந்து வந்தவர். பிரம்பு நாற்காலியில் அமர்ந்த உருவம், ஒரு பக்கம் நகைப்பெட்டி, மறுபக்கம் நூற்கும் கம்பளி உருண்டைகள் நிறைந்த கூடை. கீழே லத்தீன் வரிகளில் இலக்கணம் தடுமாறுகிறது. அதற்கும் கீழே பால்மைரா எழுத்தில் ஒரே வரி, செப்பமாக: பாரத்தேஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ. இந்தக் கல்லைச் செய்வித்தவர் எந்த மொழியில் அழுதார் என்பது தெளிவு.

எல்லையின் மக்கள்தொகை எத்தனை கலவையானது என்பதற்கு இத்தகைய சான்றுகள் ஏராளம். செஸ்டர்ஸில் ஸ்பெயினின் அஸ்தூரியர்கள், பேர்டோஸ்வால்டில் இன்றைய ருமேனியாவின் டேசியர்கள், பிற்காலச் சவுத் ஷீல்ட்ஸில் டைக்ரிஸ் ஆற்றுப் படகோட்டிகள். காலப்போக்கில் பெயர் மட்டும் அப்படியே இருக்க, ஆட்கள் உள்ளூரிலிருந்தே சேர்க்கப்பட்டார்கள். கோட்டையின் புறத்தே எழுந்த கோயில்களும் இவ்வாறே: கேராபரோவில் பாரசீக மரபு சார்ந்த மித்ராஸ் கோயிலும், கொவென்டினா என்ற உள்ளூர் நீர்த்தெய்வத்தின் ஊற்றும் நடந்துபோகும் தொலைவில் உள்ளன. 1876 இல் அந்த ஊற்றைத் தூர்வாரியபோது காணிக்கையாக இடப்பட்ட நாணயங்கள் பதின்மூவாயிரத்துக்கும் மேல் கிடைத்தன.

இவ்வளவு வண்ணங்களையும் பேசிவிட்டு, நிலத்துக்குச் சொந்தக்காரர்களை மறப்பது அறமன்று. வால்ஸெண்டிலும் வேறு சில இடங்களிலும் கோட்டைக்கு அடியில் ஏர் உழுத தடங்கள் தெரிகின்றன. விளைநிலத்தின்மேல்தான் மதில் எழுந்தது. சுவருக்கு வடக்கே உள்ள சமவெளியில், பல தலைமுறையாக இருந்த வேளாண் குடியிருப்புகள் பல, சுவர் வந்தபிறகு கைவிடப்பட்டதை அண்மைக் கால அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. விண்டோலாண்டாப் பலகை ஒன்று உள்ளூர் மக்களின் போர்முறையைக் குறிப்பிடும்போது, பிரித்தானியர் என்னும் பெயரையே இளக்காரமாகச் சிறுமைப்படுத்தி எழுதுகிறது. ஊர்களில் மினுங்கிய வெள்ளிக்காசின் ஒரு பகுதி இம்மக்களிடமிருந்து வரியாகவும் தானியமாகவும் வந்ததே.

இனி, சில ஊர்கள் ஏன் நிலைத்தன என்பது. கோர்பிரிட்ஜில் வடக்கு நோக்கிச் செல்லும் முதன்மைச் சாலை டைன் ஆற்றைக் கடக்கிறது. ஸ்டேன்கேட்டும் அங்கேதான் வந்து சேர்கிறது. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டை அகற்றப்பட்ட பிறகும் அது களஞ்சியங்களும் நீரூற்றும் கடைவீதியும் கொண்ட நகரமாகப் பெருகியது. லீஜியன் வீரர்கள் தங்கிய மதில்சூழ்ந்த வளாகங்கள் நகரத்துக்குள்ளேயே அடங்கின. கார்லைல், கார்வெட்டியர் குலத்தின் ஆட்சித் தலைநகரானது, கி.பி. 685 இல் துறவி கத்பெர்ட் அங்கே சென்றபோது நகர மதிலும் ரோமானியர் கட்டிய நீரூற்றும் அவருக்குச் சுற்றிக் காட்டப்பட்டன. யார்க்கில் கி.பி. 71 அளவில் எழுந்த லீஜியன் கோட்டைக்கு எதிரே, ஊஸ் ஆற்றின் மறுகரையில் வளர்ந்த ஊர் 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் குடியேற்ற நகரம் என்ற உயர்தகுதி பெற்றது. செவரஸ் கி.பி. 211 இல் அங்கேதான் இறந்தார். 306 இல் கான்ஸ்டன்டைன் அங்கேதான் பேரரசராக அறிவிக்கப்பட்டார். இம்மூன்று இடங்களிலும் சம்பளத்தைத் தவிர வேறொரு வருவாய் இருந்தது.

ஹவுஸ்டெட்ஸுக்கோ விண்டோலாண்டாவுக்கோ அது இல்லை. 3ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்காசில் வெள்ளி குறைந்துகொண்டே போய், பெயருக்கு மட்டும் வெள்ளியானது. அரசு வீரர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக உணவும் உடையுமாகவே அதிகம் வழங்கலாயிற்று. படைப்பிரிவுகளின் ஆள்தொகையும் சுருங்கியது. களஞ்சியத்திலிருந்து நேரே தட்டுக்கு வரும் வீரனுக்கு வாசல் கடை எதற்கு? இவ்விரண்டு ஊர்களிலும் நாணயத் தொடர் ஏறத்தாழ கி.பி. 270-களில் அறுந்துபோகிறது. படையெடுப்பால் எரிந்து அழிந்தன என்று ஒருகாலத்தில் எழுதினார்கள். அதற்குத் தக்க தீத்தடயம் இல்லை. எதிரியைவிடப் பணவீக்கமே இந்த ஊர்களைக் கொன்றது என்ற விளக்கம் எனக்கு வலுவாகப் படுகிறது.

கோட்டைகள் அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் இயங்கின. ஹவுஸ்டெட்ஸில் ஒரே கூரையின் கீழ் இருந்த வீரர் வரிசைகள் இடிக்கப்பட்டு, தனித்தனிச் சிறு வீடுகளாகத் திரும்பக் கட்டப்பட்டன. நியூகாசல் கோட்டையின் உட்தெருக்களில் 4ஆம் நூற்றாண்டுக் காசுகள் சிதறிக் கிடப்பது, வாசலுக்கு வெளியே இருந்த சந்தை மதிலுக்குள் வந்துவிட்டதைக் காட்டுகிறது. கி.பி. 410 அளவில் பிரித்தானியா பேரரசின் கையை விட்டுப் போனபின், ரோமிலிருந்து சம்பளம் வரவில்லை. பேர்டோஸ்வால்டில் இடிந்த வடக்குக் களஞ்சியத்தின் இடத்தில் 5ஆம் நூற்றாண்டில் பெரிய மரக்கூடம் ஒன்று எழுந்தது. படைத்தளபதியின் வழிவந்த ஒருவர், வீரர்களின் வழிவந்தவர்களோடு, சுற்றுப்புற உழவர்களிடம் தானியம் பெற்றுக்கொண்டு அங்கே ஒரு தலைவரைப் போல வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. வெளியே ஊர் அழிந்திருக்க, கோட்டை தானே ஓர் ஊராகிவிட்டது.

நேரில் பார்க்க விரும்புவோர் விண்டோலாண்டாவுக்கே முதலில் போவது நல்லது. ஊரின் தெருவும் வீடுகளும் அங்கேதான் பெருமளவில் திறந்து கிடக்கின்றன, ஒவ்வொரு கோடையிலும் அகழாய்வும் நடக்கிறது. கம்பர்லாந்துக் கடற்கரையில் உள்ள மேரிபோர்ட் போன்ற இடங்களில் கோட்டைக்கு வெளியே பரந்து கிடக்கும் ஊரை நிலத்தடி மின்காந்த அளவீடுகள் தெருத்தெருவாக வரைந்து காட்டினாலும், அதன் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை.